சகோதரர் இருவர் வளர்த்த தொழில்
(கட்பெரி குடும்பத்தின் வரலாறு)

தந்தை தேடிய தொழிலை மைந்தர் பேணி வளர்த்தல் எளிதான காரியமன்று. தேடியவனுக்குத் தொடக்கத்தின் ஊக்கம் துணை நிற்கும். பெற்றவனுக்கோ பழைய பெயரோடு பழைய நட்டமும் ஒருங்கே வந்து சேரும். நமது நாட்டிலே, சிறுகடையாகத் தொடங்கிய எத்தனையோ குடும்பத் தொழில்கள் இரண்டாந் தலைமுறையோடு கதவடைத்துக்கொண்டமையை நம் பெரியோர் கண்டிருக்கின்றனர். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்று ஊரார் சொல்லிவந்த காலத்திலே கடைக்காரன் மகன் எழுதுவினைஞனாகப் போனான். பின்வந்த காலத்திலே அவன் பேரன் கடல் கடந்து போனான். போனவர்களைக் குறைகூறுதல் நமது நோக்கமன்று. அவரவர்க்கு அவரவர் காரணம் உண்டு. ஆனால், போகாது நின்றவர்களிலும் பலர் ஆற்றிலே ஒரு காலும் சேற்றிலே ஒரு காலுமாக நின்றார்கள். ‘வேறொன்று வாய்த்தால் இதனை விட்டுவிடலாம்’ என்னும் நினைவோடு நடத்தப்படும் தொழில், அந்த வேறொன்று வாய்க்கும் முன்னரே தளர்ந்துவிடுகின்றது.

இரு காலையும் ஒரே நிலத்தில் ஊன்றி நின்றவர்களின் வரலாறு ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். சொக்கலேற் என்றதும் சிறுவர் வாயிலும் வரும் பெயராகிய கட்பெரி என்பது, ஒரு காலத்திலே மூடப்படும் நிலையிலிருந்த சிறிய குடும்பத் தொழிலொன்றின் பெயராகும். அதனை இருபத்தைந்து வயது அண்ணனும் இருபத்தொரு வயதுத் தம்பியும் எவ்வாறு தாங்கி நிறுத்தினர் என்பதும், தாங்கி நிறுத்தியபின் அவர்களுக்கு நேர்ந்த சோதனைகள் எவை என்பதும் நமது வாலிபர் அறியத்தக்கன.

தந்தையின் கடை

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே பேர்மிங்காம் என்னும் நகரம் உண்டு. இரும்பும் பித்தளையும் உருக்கும் உலைகளின் புகையால் மூடப்பட்ட நகரம் அது. அங்கே 1824ஆம் ஆண்டில் ஜோன் கட்பெரி என்பவர், புடைவை வணிகரான தம் தந்தையின் கடைக்கு அருகிலே தேயிலை, கோப்பி விற்கும் கடையொன்றைத் திறந்தார். கொக்கோ விதையை உரலில் இட்டு இடித்து, அத்தூளையும் விற்றார். மக்கள் அதனை வாங்கினர். 1831இல் அவர் ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்துக் கொக்கோவும் குடிக்கும் சொக்கலேற்றும் செய்யத் தொடங்கினார்.

இக்குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் கிறித்தவ நண்பர் சபையைச் சேர்ந்தவர். ஆடம்பரம் வேண்டாமை, சத்தியப்பிரமாணம் செய்யாமை, போரில் ஈடுபடாமை, மது அருந்தாமை முதலிய ஒழுக்கங்களால் இச்சபையார் தனித்து நின்றனர். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர் ஒக்ஸ்போர்ட்டிலும் கேம்பிறிட்ஜிலும் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகப் பதவி வகித்தற்கிருந்த தடைகள் 1871ஆம் ஆண்டிலேதான் பெரும்பாலும் நீங்கின. உத்தியோகக் கதவுகள் பல அடைபட்டிருந்தமையால் இச்சபையார் வணிகத்திலும் கைத்தொழிலிலும் தம் முழு அறிவையும் செலுத்தலாயினர். பிரிஸ்டலில் பிறை குடும்பத்தாரும் யோர்க்கில் றவுண்ட்றீ குடும்பத்தாரும் கொக்கோத் தொழிலில் ஓங்கியமைக்கும் இதுவே ஒரு காரணம். மதுவுக்கு மாற்றாக ஏழை மக்களுக்கு நல்ல பானமொன்றைக் கொடுத்தல் அவர்களுடைய கொள்கைக்கும் பொருத்தமாயிருந்தது.

ஜோன் கட்பெரி 1847இல் தம் சகோதரர் பெஞ்சமினைக் கூட்டாளியாகச் சேர்த்து, பிறிட்ஜ் வீதியிலே பெரிய தொழிற்சாலை கட்டினார். சில்லறைக் கடையை 1849இல் மருமகன் முறையான ஒருவரிடம் ஒப்படைத்தார். 1854இல் விக்ரோறியா மகாராணியாரின் அரண்மனைக்குப் பொருள் வழங்கும் உரிமைப் பத்திரமும் கிடைத்தது. உயர்வு நெடுங்காலம் நில்லாமற் போயிற்று. 1855இல் மனைவியார் கண்டியா காசநோயால் இறந்தார். ஜோனுடைய உடலும் உள்ளமும் சோர்ந்தன. கவனிப்பாரற்ற தொழில் நாளுக்கு நாள் தேய்ந்தது. 1860இல் சகோதரரின் கூட்டுப் பிரிந்தது. இருபதாயிருந்த வேலையாள் தொகை பதினொன்றாகக் குறைந்தது. 1861இல் ஜோன் தொழிலை மைந்தர்களாகிய றிச்சார்ட்டிடமும் ஜோர்ஜிடமும் கொடுத்து விலகினார்.

நாலாயிரம் பவுண்

சகோதரர் இருவருக்கும் தாய்வழி வந்த சொத்தாகத் தலைக்கு நாலாயிரம் பவுண் இருந்தது. அக்காலத்திலே ஒருவன் வேலை செய்யாமலே பல ஆண்டு வாழப் போதிய பணம் அது. அதனை அப்படியே தந்தையின் தேய்ந்த தொழிலில் இட்டனர். தொழில் தோற்றுப்போனால் யாது செய்வது என்பதும் அவர்களுக்குத் தெரியாததன்று. றிச்சார்ட் நில அளவையாளராகலாம் என்றும், ஜோர்ஜ் இமயமலைச் சாரலுக்குப் போய்த் தேயிலை பயிரிடலாம் என்றும் எண்ணியிருந்தனர். நமது இலங்கை அப்போது கோப்பித் தோட்டங்களின் தீவாயிருந்தது. இங்கே ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைத் தோட்டப்பயிராக நட்டது 1867இலேதான்.

மாற்றுவழி இருந்தும் அவர்கள் அதனை நாடி ஒரு காலை எடுத்து வைத்தாரல்லர். காலையிலே தொழிலாளருக்கு முன்னதாகவே வந்து, இரவிலே கடைசியாகப் போயினர். ஜோர்ஜ் உற்பத்தியையும் கொள்முதலையும் பார்த்தார். றிச்சார்ட் விற்பனையைக் கவனித்தார். ஒருவர் துறையில் மற்றவர் தலையிட்டு மனக்கசப்பு விளையாதபடி இவ்வாறு வேலையைப் பகுத்துக்கொண்டமை, கூட்டாகத் தொழில் நடத்தும் நம் சகோதரர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. மணமாகாத ஜோர்ஜ் தம் உடை, பயணம், தருமம் முதலிய செலவெல்லாவற்றையும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பவுணுக்குள் அடக்கினார். நாட்பத்திரிகை வாங்குவதையும் நிறுத்தினார்.

இத்தனை செய்தும் முதற் சில ஆண்டுகளிலே நட்டமே மிஞ்சியது. இட்ட பணம் கரைந்துகொண்டே போயிற்று. ஒரு கட்டத்திலே றிச்சார்ட்டின் நாலாயிரத்தில் எஞ்சியது நூற்றைம்பது பவுண். ஜோர்ஜிடம் எஞ்சியது ஆயிரத்தைந்நூறு. அந்நிலையிலும் அவர்கள் கடன் வாங்கி விளையாடவில்லை. கைப்பணம் முற்றாகத் தீருமுன், கொடுக்கவேண்டியவர்க்கு ஒரு சதமேனும் குறையாமற் கொடுத்துவிட்டே கதவை மூடுவது என்று தமக்குள் எல்லை வகுத்திருந்தனர். தம்முடையதை முழுவதும் இடுவார்கள், பிறருடையதைத் தொடமாட்டார்கள். முழுமனதோடு ஒரு தொழிலில் இறங்குதல் வேறு, சூதாட்டம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1864இலே சிறிய இலாபம் தென்பட்டது. தொழில் பிழைத்தது. ஆயினும் அது வளரவில்லை.

கலப்படத்தை விட்ட கதை

வளராமைக்குக் காரணம் விற்ற பொருளிலேயே இருந்தது. கொக்கோ விதையின் எடையிலே ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்பாகும். வெந்நீரிற் கரைத்தால் அக்கொழுப்பு மேலே மிதக்கும், குடிப்பவர்க்கு ஓங்காளிக்கும். ஆகவே அக்காலத்து உற்பத்தியாளர் எல்லாரும் அக்கொழுப்பை உறிஞ்சும்பொருட்டு மாவைக் கலந்தனர். கட்பெரிச் சகோதரர் செய்த கொக்கோவிலும் ஐந்திலொரு பங்குதான் கொக்கோ; மிகுதி உருளைக்கிழங்கு மா, சவ்வரிசி மா, சர்க்கரைப்பாகு முதலியன. பாசியினம் ஒன்றைக் கலந்து, உடம்புக்கு நல்லதென விற்ற வகையும் ஒன்றிருந்தது. வேறு சிலர் இதனினும் தாழ்ந்தனர். 1850களின் முற்பகுதியிலே ஆதர் ஹசல் என்னும் வைத்தியர் கடைச்சரக்குகளைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, கொக்கோ மாதிரிகள் சிலவற்றிலே செம்மண் கலந்திருந்ததை வைத்தியப் பத்திரிகையிலே வெளிப்படுத்தினார்.

ஊரெல்லாம் செய்வதைத் தாமும் செய்வது குற்றமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் தாம் விற்கும் பொருளைக் குறித்துத் தமக்கே பெருமையில்லாமையை ஜோர்ஜ் உணர்ந்திருந்தார். ஒல்லாந்திலே வான் ஹூட்டன் என்னும் குடும்பத்தார் 1828இல் உரிமை பெற்ற ஓர் அமுக்கு இயந்திரத்தால் விதையிலுள்ள கொழுப்பைப் பெருமளவு பிழிந்தெடுக்கின்றனர் எனக் கேள்வியுற்றார். கொழுப்பை எடுத்துவிட்டால் மா எதற்கு? ஜோர்ஜ் ஒல்லாந்துக்குக் கப்பலேறினார். அந்நாட்டு மொழி ஒரு சொல்லும் அறியார். சைகையாலும் அகராதியின் துணையாலும் பேரம் பேசி, இயந்திரத்தை வாங்கி வந்தார். எஞ்சியிருந்த முதலை மீண்டும் ஒரு முறை பணயம் வைத்தாற் போன்ற செயல் அது.

1866இலே ‘கொக்கோ எசென்ஸ்’ என்னும் பெயரில் கலப்பற்ற கொக்கோ வெளிவந்தது. மாக்கலந்த கொக்கோவினும் விலை கூடியது. அதனை யார் வாங்குவார்? சகோதரர் இலண்டன் மாநகரத்து வைத்தியர்களிடம் சென்று மாதிரிகளைக் கொடுத்தனர். வைத்தியப் பத்திரிகைகள் அதன் தூய்மையைப் பாராட்டின. தூயது, ஆதலாற் சிறந்தது என்னும் கருத்தை விளம்பரம் எங்கும் பரப்பியது. குவேக்கர் சிலருக்கு விளம்பரம் என்பதே பகட்டாகத் தோன்றிற்று. ஆயினும் உண்மையை உரத்துச் சொல்லுதல் தவறாகாது எனச் சகோதரர் துணிந்தனர். உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1872இலும் 1875இலும் பிறந்தபோது, மற்றையோர் தம் பண்டத்தை மாற்றத் திண்டாடினர். கட்பெரியாரோ முன்னரே மாறியிருந்தனர்.

பிழிந்தெடுத்த கொக்கோ வெண்ணெயும் வீண்போகவில்லை. அதைக் கொண்டு கடித்துண்ணும் சொக்கலேற் செய்தனர். 1868 முதல் அழகிய பெட்டிகளில் அடைத்து விற்றனர். சித்திரம் வரைவதில் வல்லவரான றிச்சார்ட், தம் பிள்ளைகளையும் தாம் கண்ட மலைக்காட்சிகளையும் வரைந்து பெட்டிகளை அலங்கரித்தார். கழிவென எண்ணியதொன்று தொழிலின் மறுபாதியாயிற்று. அதனோடு, தந்தை காலத்துத் தேயிலை, கோப்பி வியாபாரத்தையும் 1870களின் முற்பகுதியிலே கைவிட்டனர். கொக்கோ ஒன்றே தம் தொழில் என உறுதிகொண்டனர்.

தோட்டத்துள் ஒரு தொழிற்சாலை

தொழில் பெருகப் பிறிட்ஜ் வீதிக் கட்டடம் இடங்கொள்ளாதாயிற்று. நகரத்துள்ளேயே வேறிடம் தேடுவதுதான் எவரும் செய்வது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வளர்ந்தோர் பாடசாலையிலே கூலித்தொழிலாளருக்கு எழுத்தறிவித்தவர் ஜோர்ஜ். அப்பணியை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு விடாது செய்தார். மாணாக்கரின் வீடுகளுக்குச் சென்று, ஒளியும் காற்றுமற்ற சேரிகளிலே அவர்கள் படும் பாட்டைக் கண்டிருந்தார். ஆகவே சகோதரர் நகரத்துக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவிலே பதினாலரை ஏக்கர் நிலம் வாங்கி, 1879இலே அங்கே புதிய தொழிற்சாலை அமைத்தனர். அதற்குப் போண்வில் எனப் பெயரிட்டனர். இத்தனை தூரம் போய்க் கெடப்போகிறார்கள் என்றோர் பலர். ஆனால் அருகே இருப்புப்பாதையும் வாய்க்காலும் இருந்தமையைச் சகோதரர் முன்னரே கணக்கிட்டிருந்தனர். தொழிலாளருக்கு விளையாட்டிடமும் உடைமாற்றும் அறையும் சமைத்த உணவைச் சூடாக்கும் வசதியும் அமைத்தனர். சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கொடுத்தனர்.

1899இலே றிச்சார்ட் யெருசலேம் யாத்திரையின்போது நோயுற்று இறந்தார். முப்பத்தெட்டு ஆண்டுக் கூட்டு மரணத்தாலேயே பிரிந்தது. அவ்வாண்டிலே வரையறுத்த கம்பனியாக்கப்பட்ட தொழிலுக்கு ஜோர்ஜ் தலைவரானார். இருவர் மைந்தரும் இயக்குநராயினர். தொழிற்சாலையைச் சுற்றித் தாம் தொடங்கிய குடியிருப்பை 1900இலே ஜோர்ஜ் ஒரு தரும நிதியத்துக்கு எழுதிக் கொடுத்தார். 330 ஏக்கர் நிலமும் 313 வீடுகளும் அதிலடங்கும். வீடுதோறும் தோட்டம் இருந்தது. தம் தொழிலாளர் மட்டுமன்றிப் பிறரும் அங்கே குடியிருக்கலாம் என விதித்தார். தாம் வாழ்ந்த வூட்புறூக் என்னும் மாளிகையையும் 1903இலே கல்வி நிலையமாக்கினார். வட்டமேசை மகாநாட்டுக்காக 1931இலே இங்கிலாந்து சென்ற மகாத்மா காந்தி அந்நிலையத்துக்கும் எழுந்தருளினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி.

1905இலே, பால் மிகுதியாகச் சேர்த்த ‘டெயறி மில்க்’ சொக்கலேற் வெளிவந்தது. சுவிற்சலாந்தார் கையிலிருந்த சந்தையைக் கைப்பற்றும்பொருட்டு மூன்றாந் தலைமுறையினர் பல ஆண்டு முயன்று கண்ட பயன் அது.

நேர்மைக்கு வந்த சோதனை

புகழ் பாடுவதோடு வரலாற்றை நிறுத்துதல் முறையன்று. இக்குடும்பத்தின் நேர்மையை உரைத்துப் பார்த்த கல்லொன்று உண்டு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர்கள் வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழ அரைப்பங்கு, ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள சான் தோமே, பிறின்சிப்பே என்னும் போர்த்துக்கேயத் தீவுகளிலிருந்து வந்தது. 1901இலே றிச்சார்ட்டின் மைந்தர் வில்லியம், அங்குள்ள தோட்டமொன்று விலைக்கு வருவதாக அச்சிட்ட அறிவித்தலொன்றைக் கண்டார். அதிலே நிலம், மாடு முதலியவற்றோடு தொழிலாளரும் சொத்தாகக் கணக்கிடப்பட்டிருந்தனர். அங்கோலாவிலிருந்து ஒப்பந்தமென்னும் பெயராற் கொண்டுவரப்பட்ட அம்மக்கள் திரும்பிப் போனாரில்லை. பெயர்தான் ஒப்பந்தம், உண்மையில் அஃது அடிமைத்தனம்.

அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய சபையின் மக்கள் யாது செய்தனர்? விசாரித்தனர், போர்த்துக்கேய அரசோடு பேசினர், 1905இலே ஜோசப் பேட் என்பவரை அனுப்பி ஆராய்ந்தனர், வில்லியமே 1908இல் நேரிற் சென்றார். 1909 மார்ச்சு மாதத்திலேதான் பிறை, றவுண்ட்றீ நிறுவனத்தாரோடு சேர்ந்து அத்தீவுகளின் கொக்கோவை வாங்காது நிறுத்தினர். அறிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே எட்டு ஆண்டு. அவ்வெட்டாண்டும் கொக்கோ வந்துகொண்டேயிருந்தது. ‘ஸ்ராண்டர்ட்’ என்னும் பத்திரிகை இதனைச் சுட்டி ஏளனஞ் செய்தது. கட்பெரியார் மானநட்ட வழக்குத் தொடுத்தனர். 1909 டிசெம்பரிலே யூரிமார் கட்பெரியாருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். ஆனால் நட்டஈடாகக் கொடுத்தது ஒரே ஒரு பார்திங். அதாவது ஒரு பென்னியின் காற்பங்கு!

வாங்குவதை உடனே நிறுத்தினால் போர்த்துக்கேயரிடம் பேசும் பலம் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அடிமைத் தொழிலாளி ஒருவனுக்கு அந்த எட்டாண்டு யாதாயிருந்திருக்கும் என்பதை நினைத்தால், யூரிமார் கொடுத்த பார்திங்கின் பொருள் விளங்கும். கொக்கோவிலிருந்த மாவை விலக்கியபோது காட்டிய துணிவை, மூலப்பொருளிலிருந்த கண்ணீரை விலக்குவதிலே அவர்கள் அத்தனை விரைவாகக் காட்டவில்லை. சிறியவனாயிருந்தபோது எளிதாயிருந்த நேர்மை, பெரியவனானபின் அரிதாகின்றது. தொழிலை வளர்க்க விழைவோர் இதனை மறத்தலாகாது.

முடிவும் படிப்பினையும்

ஜோர்ஜ் 1922இலே காலமானார். 1919இலே பிறை நிறுவனத்தோடு இணைந்த கட்பெரி, 1962இலே பொதுமக்கள் பங்கு வாங்கும் கம்பனியாகி, 1969இலே சுவெப்ஸ் கம்பனியோடு சேர்ந்து, 2008இலே மீண்டும் பிரிந்தது. 2010இலே அமெரிக்காவின் கிறாப்ட் நிறுவனம் அதனை ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது கோடி பவுணுக்கு வாங்கியது. 2012இன் பின் அது மொண்டலீஸ் என்னும் கம்பனியின் கீழ் வந்தது. மகாராணியார் காலத்திலே தொடங்கிய அரண்மனை உரிமைப் பத்திரமும் 170 ஆண்டுக்குப் பின் 2024இலே நீங்கிற்று. குடும்பம் வளர்த்த தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. ஜோர்ஜ் எழுதிக் கொடுத்த போண்வில் நிதியமோ இன்றும் இயங்குகின்றது. விற்கத்தக்கது விற்கப்பட்டது; கொடுத்தது நிலைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன யாவை? தொழிலிலே முழுமனதோடு இறங்குதல் என்றால், பணத்தை இடுதல் மாத்திரமன்று. பணத்தை ஜோனும் இட்டார். உள்ளம் தளர்ந்தபோது தொழிலும் தளர்ந்தது. மைந்தர் பணத்தோடு காலத்தையும் இட்டனர். தம் வசதியைக் குறைத்தனர். பிறர் பணத்துக்கு ஊறு வராத எல்லையை வகுத்துக்கொண்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பண்டத்திலுள்ள குறையை வாடிக்கையாளர் சொல்லுமுன் தாமே கண்டு நீக்கினர். கடின உழைப்பால் மூன்றாண்டிலே தொழில் உயிர்தப்பியது; அது வளர்ந்ததோ பண்டம் தூயதான பின்னரேயாம்.

அவர்களுக்கு நாலாயிரம் பவுண் இருந்தது, நமக்கு என்ன இருக்கின்றது என இளைஞர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அத்தகைய முதுசொம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. போரும் இடப்பெயர்வும் நம்மவர் பலருடைய கடையையும் கணக்குப் புத்தகத்தையும் ஒருங்கே அழித்தன. ஆனால் அப்பணத்திற் பெரும்பகுதி கரைந்தபின்னரே அச்சகோதரர் வென்றனர் என்பதையும் நினைத்தல் வேண்டும். எஞ்சிய நூற்றைம்பது பவுணோடு றிச்சார்ட் நின்ற இடத்திலே, நம் ஊரில் ஆலையோ அச்சுக்கூடமோ பலசரக்குக் கடையோ நடத்தும் குடும்பத்தார் பலர் இன்றும் நிற்கின்றனர்.

அவ்விடத்திலே நிற்கும் இளைஞனுக்குப் பெரியோர் செய்யத்தக்க உதவியும் ஒன்றுண்டு. ஜோன் கட்பெரி தொழிலைக் கொடுத்தபோது முழுவதையும் கொடுத்தார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டு உயிர்வாழ்ந்தும், மைந்தர் ஒல்லாந்துக்குப் போய்ப் புதிய இயந்திரம் வாங்கியபோதும், நகரத்தை விட்டுத் தோட்டத்துக்குப் பெயர்ந்தபோதும் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினாரல்லர். நம் வீடுகளிலே, கடையைக் கொடுத்தபின்னும் பணப்பெட்டித் திறப்பைக் கொடாத தந்தையர் உளர். திறப்பில்லாக் கடையிலே இளைஞன் இரு காலையும் ஊன்றுவது எங்ஙனம்? தந்தையர் திறப்பைக் கொடுக்க. மைந்தர் காலை ஊன்றுக. அவ்விரண்டும் சேர்ந்த வீட்டிலே தொழில் செழிக்கும். அத்தொழிலால் ஊரும் செழிக்கும்.